இல்க்லி மேட்டுநிலத்தின் கிண்ணக்குழிப் பாறைகள்

வட இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், வார்ஃப், ஏர் ஆகிய இரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு இடையே ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் வரை எழும் ராம்பால்ட்ஸ் மேட்டுநிலத்தில், ஹெதர் எனப்படும் ஊதாப்பூப் புதர்களுக்கிடையே தலைகாட்டும் பாறைகள் பலவற்றில், புதிய கற்காலத்தையும் தொடக்க வெண்கலக் காலத்தையும் சேர்ந்த மக்கள் கொத்திய குழிகளும் வளையங்களும் இன்றும் காணப்படுகின்றன. இம்மேட்டின் வடபகுதியே இல்க்லி மூர்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஆழமற்ற வட்டப் பள்ளமே கிண்ணக்குழி. அதைச் சுற்றி ஒன்றோ பலவோ வளையங்கள் அமைவதும், நடுக்குழியிலிருந்து ஒரு நீள்கோடு அவ்வளையங்களை ஊடறுத்து வெளியேறுவதும் உண்டு. திரிகைக்கல் செய்யப் பயன்பட்ட சொரசொரப்பான மணற்கல்லே இங்குள்ள பாறை என்பதால், உலோகக் கருவி ஏதுமின்றி, அதைவிடக் கடினமான கல்லொன்றால் திரும்பத் திரும்பக் கொத்தியே இவற்றை உருவாக்க முடிந்தது. பேட்ஜர் கல் என்னும் பாறையில் குழிகளும் வளையங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. உச்சிவெயிலில் வெறும் மேடுபள்ளமாகத் தெரியும் அவை, மாலைச் சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் ஒளி விழும்போதே துலக்கம் பெறுகின்றன.

கொத்திய பரப்பின் வயதை நேரடியாகக் கணிப்பது அரிது. நார்தம்பர்லாந்தின் ஹன்டர்ஹியூ பாறையில் பழைய செதுக்கல்களின் மீதே வெண்கலக் காலக் கற்குவை எழுப்பப்பட்டிருப்பதைப் போன்ற சான்றுகளைக் கொண்டே கால வரிசை ஊகிக்கப்படுகிறது.

பொருள் குறித்து வரைபடம், வானியல் குறிப்பு, வழிபாட்டுச் சின்னம் என விளக்கங்கள் பல வந்துள்ளன. எதற்கும் உறுதியான சான்றில்லை. தொல்லியலாளர் ரிச்சர்ட் பிராட்லி, குறியின் பொருளைத் தேடுவதோடு நில்லாமல், அது எந்த இடத்தில் உள்ளது, அங்கிருந்து எது தெரிகிறது, எந்த வழித்தடம் அருகே செல்கிறது என்று கேட்டதே இத்துறையின் பெரும் திருப்பம் எனலாம். பாறை மண்ணில் வேரூன்றிக் கிடப்பதால், கலைஞர் தேர்ந்தது கல்லை மட்டுமன்று, அந்த நிலத்தையும்கூட.

இவ்வகையில் பனோரமா கல்லுக்கு நேர்ந்தது பேரிழப்பே. ஏணி போன்ற கோடுகளால் வளையங்கள் இணைக்கப்பட்டிருந்த அந்த அரிய பாறை, அவ்விடத்தில் வீடுகள் எழவிருந்ததால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர்க்கப்பட்டு, இல்க்லி நகரின் புனித மார்கரெட் தேவாலயத்துக்கு எதிரே இரும்பு வேலிக்குள் வைக்கப்பட்டது. காக்கும் நோக்கில் செய்யப்பட்ட அச்செயலுக்குப் பின்னும் செதுக்கல்கள் பெரிதும் தேய்ந்துபோயின. இன்று ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் பாறைகளை இருந்த இடத்திலேயே விட்டு, பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களை இணைத்து முப்பரிமாணப் பதிவுகளை உருவாக்குகின்றனர்.