எதிரணியைத் தேடிக் கடல் கடக்கும் தீவுக் கல்லூரி அணிகள்

புதுதில்லி

கூடைப்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐவர் போதும். ஆனால், அந்த ஐவர் ஆட வேண்டுமானால் எதிரே இன்னும் ஐவர் நிற்க வேண்டும். அந்தமான்-நிகோபார் தீவுகளின் கல்லூரி அணிகள் ஒவ்வொரு கல்வியாண்டிலும் சந்திக்கும் நெருக்கடியின் சாரம் இதுதான். அவர்களுக்குச் சமமான எதிரணிகள் பெரும்பாலும் 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக் கடலின் மறுகரையில் இருக்கின்றன.

நிலப்பகுதியின் கல்லூரி அணி ஒன்றுக்குக் கடினமான பருவம் என்றால் தொடர் தோல்வி, காயமடைந்த ஆட்டக்காரர், பாதியில் விலகிய பயிற்சியாளர் என்று பொருள். தீவு அணிக்கோ போட்டிக்குப் போய்ச் சேருவதே பருவத்தின் முதல் ஆட்டமாகிவிடுகிறது. அந்த ஆட்டத்தில் தோற்பவர்கள் கோப்பையை மட்டும் இழப்பதில்லை. விளையாட்டுத் தகுதியின் வழியே கிடைக்கக்கூடிய அரசு வேலையையும் இழக்கிறார்கள்.

புதுச்சேரிக்குக் கட்டுப்பட்ட தீவுகள்

தீவுகளின் முதல் கல்லூரியான ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி, போர்ட் பிளேர் நகரில் 1967-ல் தொடங்கப்பட்டது. அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய அரசு பெயர் மாற்றியது. வட அந்தமான் பகுதி மாணவர்களுக்காக மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990-ல் உருவானது. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1985-ல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் அந்தமான்-நிகோபார் தீவுகளும் சேர்க்கப்பட்டன. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றோடு விளையாட்டும் பல பத்தாண்டுகளாகப் புதுச்சேரியோடு பிணைக்கப்பட்டது.

இதே பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பகுதிகளும் உள்ளன. மாஹே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலும் இருப்பவை. தொலைவு அதிகம்தான் என்றாலும், அங்குள்ள மாணவர் ரயிலிலோ பேருந்திலோ ஏறி மறுநாள் புதுச்சேரியில் இறங்கிவிட முடியும். போர்ட் பிளேர் மாணவருக்கு அந்த வசதி இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்துசேர 60 மணி நேரத்துக்கு மேலாகிறது. அதன் பிறகு புதுச்சேரிக்குச் சாலைப் பயணம். போகவும் வரவுமாக ஒரு வாரம் கடலிலும் சாலையிலுமே கழிந்துவிடும்.

அதுவும் கப்பல் குறித்த நாளில் புறப்பட்டால்தான். மாதத்தில் சில நாள்கள் மட்டுமே கப்பல் உண்டு. பயணச்சீட்டுக்கு நோயாளிகள், அரசு ஊழியர்கள், வணிகர்கள், சொந்த ஊருக்குத் திரும்பும் தொழிலாளர்கள் அனைவரும் காத்திருப்பார்கள். விமானத்தில் சென்னை இரண்டு மணி நேரப் பயணம்தான் என்றாலும், 12 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், மேலாளர் என ஓர் அணி முழுவதற்கும் கட்டணம் செலுத்துவது அரசுக் கல்லூரியின் விளையாட்டு நிதிக்குத் தாங்கக்கூடிய செலவு அல்ல.

காலமும் எதிராகவே அமைகிறது. தீவுகளுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் உண்டு. மே முதல் டிசம்பர் வரை மழை பெய்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவில் பதிவாகிறது. கல்லூரிகளின் விளையாட்டு நாள்காட்டியோ பெரும்பகுதி இந்த மாதங்களுக்குள்ளேயே அடங்குகிறது. வங்கக் கடலில் புயல் சின்னங்கள் அடிக்கடி உருவாகும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் நிலப்பகுதியில் போட்டிகள் சூடுபிடிக்கும் மாதங்களும் ஆகும்.

கூடைப்பந்து, மழையையும் பனியையும் தவிர்ப்பதற்கென்றே பிறந்த ஆட்டம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் இதை உருவாக்கியது, பனிக்காலத்தில் மாணவர்கள் கூரைக்கடியில் ஆடுவதற்காகத்தான். ஆனால், நம் நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் அது திறந்தவெளி சிமெண்டுத் தளத்தில் ஆடப்படுகிறது. எட்டு மாதம் மழை பெய்யும் தீவில் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தளத்துக்குக் கூரை இல்லையென்றால், பயிற்சி நாள்களின் எண்ணிக்கையை வானம்தான் முடிவு செய்யும்.

தீவுக்குள்ளேயே தொலைவு

நிலப்பகுதிக்குச் செல்ல முடியாவிட்டால் தீவுக் கல்லூரிகள் தமக்குள் ஆடிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதுவும் எளிதன்று. மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்குச் சாலைவழித் தொலைவு சுமார் 240 கிலோமீட்டர். அந்த அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை ஊடுருவிச் செல்கிறது. குறித்த நேரங்களில் மட்டும், காவல் துணையுடன் வரிசையாகவே வாகனங்கள் அங்கு அனுமதிக்கப்படுகின்றன. ஜாரவா மக்களின் பாதுகாப்புக்கான இந்தக் கட்டுப்பாட்டைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. காப்புப் பகுதிக்குள் செல்லும் சாலையை மூட வேண்டுமென 2002-ல் உச்ச நீதிமன்றமே ஆணையிட்டதும் நினைவுகூரத்தக்கது. ஆனால், ஒரே நாளில் போய் ஆடிவிட்டுத் திரும்புவது என்பது இந்தப் பாதையில் நடவாத காரியம்.

தெற்கே நிலைமை இன்னும் கடினம். நிகோபார் மாவட்டத்தின் தலைமையிடமான கார் நிகோபார், போர்ட் பிளேரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே ஏறத்தாழ இருமடங்குத் தொலைவு. பள்ளிப் பருவத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு சிறுவன் தன் தீவைச் சாராத அணியோடு ஒருமுறைகூட ஆடாமலேயே கல்லூரிக்கு வந்துசேரக்கூடும்.

வேலைவாய்ப்பு எனும் உண்மையான பந்தயம்

இதை வெறும் விளையாட்டுப் பிரச்சினையாகக் கருத முடியாமைக்குக் காரணம் தில்லியில் வகுக்கப்பட்ட விதிகளில் இருக்கிறது. மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை வகுத்துள்ள நெறிமுறைகளின்படி, விளையாட்டு வீரர்களுக்கான நேரடி நியமனத்துக்குத் தகுதியுடையோரில் ஒரு பிரிவினர், பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளில் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியவர்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களின் பட்டியலில் கூடைப்பந்தும் உண்டு.

அந்தப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினுடையது. நாடு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலப் போட்டிகளில் முன்னணி பெறும் அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குச் செல்கின்றன. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய பிறகு அந்த அணிகளின் மதிப்பு மேலும் கூடியது.

இந்த ஏணியின் முதல் படி, பல்கலைக்கழக அணியில் இடம் பெறுவது. கல்லூரிகளுக்கிடையேயான ஆட்டங்களிலும் தேர்வு முகாம்களிலும் திறமையைக் காட்டியவர்களைக் கொண்டே அந்த அணி அமைக்கப்படும் என்பது வழக்கமான நடைமுறை. போர்ட் பிளேரின் மாணவர் அந்த முகாமுக்கு வர மூன்று நாள் கடலில் கழிக்க வேண்டும். வந்த பிறகு, ஆண்டு முழுவதும் வலுவான அணிகளோடு ஆடிப் பழகியவர்களுக்கு எதிரே நிற்க வேண்டும். விதி அனைவருக்கும் ஒன்றே. ஆனால், அந்த விதியை எட்டுவதற்கான பாதை ஒன்றல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழி வாரியாக வங்காளி, இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடம் தமிழுக்கு உரியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். அரசு வேலையைப் பெரிதும் நம்பியிருக்கும் இச்சமூகத்தில், ஒரு விளையாட்டுச் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றக்கூடியது.

கடிகாரத்தோடு போட்டியிட்டவர்கள்

தீவுகளில் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கான சான்று தில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் சைக்கிள் பந்தய அரங்கிலேயே இருக்கிறது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட அந்த அரங்கில் பயிற்சி பெற்ற முன்னணி வீரர்களில் பலர் நிகோபார் தீவினர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்தமான்-நிகோபார் தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 3,500-க்கும் மேற்பட்டோர் அரசுக் கணக்கில் பதிவாயினர். அப்போது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் உயிர்தாங்கிய டெபோரா ஹெரால்டு, பின்னாளில் சைக்கிள் பந்தய வீராங்கனையானார். 2015 இறுதியில் 500 மீட்டர் பந்தயத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு உயர்ந்தார். கார் நிகோபாரின் ஈசோ ஆல்பன், 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஐக்ள் நகரில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். தங்கத்தை அவர் தவறவிட்டது 0.017 விநாடியில். உலகச் சைக்கிள் பந்தயப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கான இந்தியக் குழுவில் ஈசோ ஆல்பனும், அதே தீவைச் சேர்ந்த டேவிட் பெக்காமும் இடம்பெற்றனர்.

இவர்களின் வெற்றியைச் சுட்டிக்காட்டி, தீவுகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாதிடுவது தவறு. சைக்கிள் வீரரின் திறமையைக் கடிகாரம் அளந்துவிடும். கார் நிகோபாரில் ஓடும் விநாடியும் ஐக்ளில் ஓடும் விநாடியும் ஒன்றே. தனி ஒருவரின் நேரத்தைக் குறித்துக்கொண்டு தில்லிக்கு அழைத்துவரவும் முடியும். ஐவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை அவ்வாறு கடிகாரத்தால் அளக்க முடியாது. ஐவரையும் பிரித்தெடுத்து வெளியே கொண்டுசென்றால் அணியே இல்லாமற் போகும். குழு ஆட்டம் வளர வேண்டுமானால் எதிரணி தீவுக்கு வர வேண்டும், அல்லது தீவின் அணி தடையின்றிப் போய்வர வேண்டும்.

அலாஸ்காவும் ஹவாயும் காட்டிய வழி

இந்தச் சிக்கலை உலகில் முதலில் சந்தித்தது அந்தமான் அல்ல. அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஒரு பருவத்தில் இத்தனை ஆட்டங்கள்தான் ஆடலாம் என்று அந்நாட்டுத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வரம்பு வைத்துள்ளது. தொடர்நிலப்பரப்பில் அமைந்த 48 மாநிலங்களுக்கு வெளியே ஆடப்படும் ஆட்டங்களை அந்த வரம்பில் சேர்ப்பதில்லை என்ற விலக்கும் இருந்தது. இதைப் பயன்படுத்தி அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்த சிறிய பல்கலைக்கழகம் ஒன்று, 1978-ல் இந்தியானா, லூயிவில் உள்ளிட்ட பெரும் அணிகளைத் தன் ஊருக்கு வரவழைத்தது. தகுந்த அரங்கம் இல்லாததால், முதல் ஆண்டுப் போட்டி ராணுவ முகாமின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. அந்தத் தொடர் 2017 வரை நீடித்தது.

ஹவாய்ப் பல்கலைக்கழகம் கலிபோர்னியப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய கூட்டமைப்பில் 2012-ல் சேர்ந்தபோது, தன் தீவுக்கு வரும் அணிகளின் பயணச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. இரு இடங்களிலும் தொலைவு மாறவில்லை; விதியும் செலவுப் பங்கீடும்தான் மாறின.

தில்லி செய்யக்கூடியது

அந்தமான்-நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே. துணைநிலை ஆளுநரின் நிர்வாகத்துக்கான நிதியும் முடிவுகளும் தில்லியிலிருந்தே செல்கின்றன. ஆகவே, ஒரு கல்லூரி அணிக்குக் கப்பலில் இடம் ஒதுக்குவதுகூட இறுதியில் மத்திய அரசின் பொறுப்பாகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. போட்டிக்குச் செல்லும் கல்லூரி அணிகளுக்குக் கப்பல்களில் முன்னுரிமை இடங்கள் தரலாம். கல்லூரிகளுக்கிடையேயான போட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போர்ட் பிளேரில் நடத்தலாம். பல்கலைக்கழக அணிக்கான தேர்வாளர்களைத் தீவுக்கே அனுப்பலாம். மாயாபந்தரிலும் கார் நிகோபாரிலும் ஆடுகளத்துக்குக் கூரை அமைக்கலாம். 2001-ல் உருவாக்கப்பட்ட முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் போர்ட் பிளேரிலேயே உள்ளது. அங்குள்ள படைவீரர்களின் அணிகளோடு கல்லூரி அணிகள் முறையாக ஆட ஏற்பாடு செய்தால், கடல் கடக்காமலேயே ஓர் எதிரணி கிடைத்துவிடும். தீவுகளுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமையுமானால், அதன் அணி நேரடியாக மண்டலப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பும் உண்டு. அதன் சட்ட வடிவம், கட்டணம் போன்றவற்றைப் பற்றிய விவாதத்தில் மாணவர்களின் குரலுக்கும் இடமிருக்க வேண்டும்.

கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்க 72,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அத்திட்டம் பற்றிய கடும் கருத்து வேறுபாடுகள் ஒருபுறம் இருக்கட்டும். தீவுகளை நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்குமான நுழைவாயில் என்று கருதும் தில்லி, அங்கு வாழும் இளைஞர்களையும் நாட்டின் மையத்தோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தில் தோற்ற அணி அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம். போட்டிக்கே வர இயலாத அணிக்கு அந்த ஆறுதலும் இல்லை. கல்லூரி வாழ்வு மூன்று ஆண்டுகள்தான். ஒரு கப்பல் தவறினால், அதில் ஓர் ஆண்டு போய்விடுகிறது.