எந்த வாள் சார் நல்லா வெட்டும்?

ரிச்சர்ட் மன்னருக்கும் சுல்தான் சலாவுதீனுக்கும் ஒரு போட்டி. ரிச்சர்ட் தன் கனத்த வாளை ஓங்கி ஒரே போடு. இரும்புத் தண்டு இரண்டு துண்டு! சலாவுதீன் அலட்டிக்கொள்ளவில்லை. பட்டுத் தலையணை ஒன்றை நிறுத்திவைத்து, வளைந்த மெல்லிய வாளால் லேசாக ஓர் இழுப்பு. தலையணை தானாகவே பிரிந்து விழுந்த மாதிரி விழுந்தது.

இது சரித்திரம் இல்லை. அந்த இரண்டு பேரும் நேரில் சந்தித்ததே கிடையாது. 1825-ல் சர் வால்டர் ஸ்காட் எழுதிய 'தி டாலிஸ்மன்' என்ற நாவலில் வரும் சீன். ஆனால் இருநூறு வருஷமாக வாள் விற்பவர்களுக்கு இந்த ஒரு சீன் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

சலாவுதீன் கையில் ஸ்காட் கொடுத்த அந்த டமாஸ்கஸ் மாதிரி வாளுக்கும் நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் வட்டாரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அவசரப்படாதீங்க, அதுக்கு வர்றேன். முதல்ல போட்டியைப் பார்ப்போம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆபீஸ் போகிற பையன்கள் சனி, ஞாயிறுகளில் நீள வாளும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஐரோப்பியப் பழங்கால வாள் வித்தைக்கு அங்கே சங்கங்கள் இருக்கின்றன. குரு? புத்தகம்தான்! 1570-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாகிம் மேயர் என்ற வாத்தியார் அச்சடித்த புத்தகம், அதற்கும் முந்தைய இத்தாலிய, ஜெர்மானியக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் படித்து, படத்தைப் பார்த்து, அடவு கட்டுகிறார்கள். நம்ம ஊரில் சிலம்ப ஆசான் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை அவர்கள் லைப்ரரியில் தேடுகிறார்கள்.

இதில் ஒரு தனிப் பிரிவு, வெட்டுப் போட்டி. எதிரே ஆள் கிடையாது, பயப்படாதீர்கள். ஜப்பான்காரர்களின் கோரைப் பாய் மாதிரியான பாயைச் சுருட்டி, தண்ணீரில் ஊறவைத்து, கம்பத்தில் செங்குத்தாகச் செருகியிருப்பார்கள். சொன்ன வரிசையில், சொன்ன கோணத்தில் வெட்ட வேண்டும். பாய் பறந்து போகக் கூடாது. வெட்டிய இடம் வழவழவென்று இருக்க வேண்டும். வெட்டி முடித்ததும் நீங்கள் தடுமாறாமல் நிற்க வேண்டும். வெட்டுமுகம் கரண்டியால் தோண்டிய மாதிரி குழிந்திருந்தால் நடுவருக்கு உடனே தெரிந்துவிடும், வாளின் கூர் போகிற பாதையில் கை போகவில்லை என்று.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம சென்னைப் பெண் பவானி தேவி ஆடினாரே, அது வேறு. அந்த சேபர் வாள் அதிகபட்சம் 500 கிராம். கூர் கிடையாது, தொட்டால் விளக்கு எரியும். நம் சிலம்பப் போட்டிகளில் வாள் வீச்சு, சுருள்வாள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே மார்க் வீச்சுக்கு, வெட்டுக்கு இல்லை. இந்தப் பாய் வெட்டும் போட்டியில்தான் நிஜமாகவே தீட்டிய வாள் வேண்டும். அதனால்தான் 'எந்த வாள் வாங்குவது' என்ற கேள்வியும் வருகிறது.

கனமான வாள்தானே நன்றாக வெட்டும்? இல்லை சார். சினிமாவில் ஹீரோ 'ஹூம்' என்று முக்கித் தூக்குவதெல்லாம் நடிப்பு. இரண்டு கையால் பிடிக்கும் ஐரோப்பிய நீள வாளே பெரும்பாலும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள்தான். ரேஷன் கடையில் வாங்கும் சர்க்கரைப் பையைத் தூக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே கனம்.

அப்போ கூர்? சவரம் பண்ணுகிற அளவுக்குத் தீட்டினால்? பாய்க்குள் இருக்கும் கட்டையில் பட்டதும் பல்லைக் காட்டிவிடும்.

இதற்கான பதிலைத் தெரிந்துகொள்ள லண்டன் போக வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஹார்ன் அடித்து அடித்துக் கை வலித்தவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியும். வெட்டு நடக்கும் கரும்புத் தோட்டத்தில் இறங்கிப் பாருங்கள். கரும்பு வெட்டும் கத்தி மெல்லிசாக, எடையே தெரியாமல் இருக்கும். அடியில் ஒரே வெட்டு, கரும்பு சாயும். 'அண்ணே, இதாலயே அந்த வேப்பங்கிளையையும் வெட்டிடலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். மரத்துக்கு முதுகு தடித்த அரிவாள் வேறு. இளநீருக்குக் கனமான அரிவாள் வேறு. எதை வெட்டப்போகிறோம் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் கொல்லரிடமே போவார்கள்.

வாளுக்கும் இதே கணக்குதான். எவர்ட் ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பிய இடைக்கால வாள்களைப் பத்தாம் வகை முதல் இருபத்திரண்டாம் வகை வரை பிரித்து வைத்தார். அதில் பதிமூன்றாம் வகை அகலமாக, தட்டையாக இருக்கும். அது வெட்டுகிற சாதி. பதினைந்தாம் வகை நடுவில் முதுகெலும்பு மாதிரி தடித்து, நுனி ஊசியாக முடியும். கவசத்தின் இடுக்கில் குத்துவதற்காகப் பிறந்தது. அதைக் கொண்டுபோய் ஈரப் பாயில் போட்டால், வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கோடாலியால் பிரித்த கதை. வாள் ஒசத்திதான், வேலைதான் வேறு. மெல்லிய அலகு பாயைப் பிளந்துகொண்டு போகும். தடித்த அலகு பாயை அகட்டித் தள்ளிக்கொண்டு போகும், பாதி வழியில் நிற்கும்.

அதற்காக ரொம்ப மெல்லிசும் ஆபத்து. கை கொஞ்சம் கோணினால் அகலத் தட்டை வாள் துடித்து வளைந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நடுத்தரமான பதினெட்டு-ஏ மாதிரி வகைகள் தோது. பிடியருகே தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும் அலகு. தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும்.

அடுத்தது பாலன்ஸ். பி.காம். படித்தவனுக்கு பாலன்ஸ் என்றால் இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். வாளில் ஆகக் கூடாது! விரல் மேல் வாளைக் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். கைக்காப்பிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் தள்ளி நின்றால் பழக சுகம். இன்னும் முன்னால் போனால் வெட்டு பலமாக விழும். ஆனால் வீசிய வாளை நிறுத்துவதற்குள் நீங்களே ஒரு சுற்று சுற்றிவிடுவீர்கள்.

சரி, இரும்பு? இங்கேதான் ரிஷிவந்தியம் வருகிறது.

தேனபிஷேகத்தின்போது லிங்கத்தில் அர்த்தநாரீஸ்வரர் தெரிவார் என்று பக்தர்கள் போகும் ஊர் அது. அந்த வட்டாரத்தில் மேல்சிறுவள்ளூர் என்று ஒரு கிராமம். 1994-ல் உலகத் தொல்லியல்காரர்கள் அந்தப் பெயரைப் படித்தார்கள். ஷாரதா ஸ்ரீநிவாசன் (பரதநாட்டியக் கலைஞரும்கூட, 2019-ல் பத்மஸ்ரீ) லண்டனில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவள்ளூரில் உடைந்து கிடந்த மண் மூசைகள், எஃகு காய்ச்சியவை என்று. மூசையில் ஒட்டிக்கொண்டிருந்த உலோகத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கரிச்சத்து மிகுந்த உயர்ரக எஃகு!

வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்று வாயில் நுழையாமல் சொன்னது இந்த எஃகைத்தான். செய்முறை? சின்ன மூசையில் இரும்புத் துண்டு, கூடவே ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை, களிமண்ணால் மூடி உலையில் வைப்பது. 19-ம் நூற்றாண்டில் தென்னிந்தியாவைப் பார்த்தவர்கள் இப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்க, இரும்பு எஃகாகிறது. இந்த மாதிரித் தென்னாட்டு எஃகுக் கட்டிகள் கப்பலேறிப் பாரசீகம், அரபு நாடுகளுக்குப் போய், அங்கே நீரலை ஓடும் வாள்களாயின. எந்த ஊர்க் கட்டி எந்த சுல்தான் இடுப்புக்குப் போனது என்பதற்கு இன்வாய்ஸ் மிச்சமில்லை. 1819-ல் மைக்கேல் ஃபாரடே இந்த எஃகை உடைத்து ஆராய்ந்தார். 2006-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் 17-ம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரியின் நானோ குழாய்களைப் பார்த்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

உடனே மார்தட்டிக்கொண்டு 'டமாஸ்கஸ்' என்று போட்ட வாளை ஆர்டர் பண்ணிவிடாதீர்கள்! இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி, மடித்து அடித்துக் கோலம் வரவைத்தது. மூசை எஃகு அல்ல. அழகுதான், ஆனால் ஒட்டு சரியில்லாவிட்டால் வெட்டும்போது பிரியும். இன்றைக்குப் பாய் வெட்டும் நல்ல வாள்கள் பலவும் ஸ்பிரிங் எஃகு. அதாவது, லாரிக்கு அடியில் இருக்கும் பட்டை ஜாதி! நம்மூர்க் கொல்லர் பட்டறையில் அரிவாளாக மாறுகிறதே, அதேதான். ஓரளவு வளைந்தாலும் நிமிரும், சுலபத்தில் உடையாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சுவரில் மாட்டுகிற பளபள ஸ்டெயின்லெஸ் வாளை வீசவே வீசாதீர்கள். பல வாள்களில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே ஒரு மெல்லிய திருகாணிதான் பற்றவைத்திருக்கும். வேகமாக வீசும்போது அது விட்டுக்கொண்டால், பிடி உங்கள் கையில் இருக்கும், அலகு எதிர் வீட்டுக்காரர் வராந்தாவில் இருக்கும். அங்கே குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். அலகின் இரும்பு வால், பிடிக்குள் முழு நீளத்துக்கும் தடிமனாக ஓடுகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளில் வாள், ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. விவசாயத்துக்கும் வீட்டுக்குமான கத்திகள் வேறு கணக்கு. ஆகவே வாங்கும் முன் உள்ளூர் ஸ்டேஷனில் விசாரித்துவிடுவது உத்தமம். டவுன் பஸ்ஸில் உறையோடு ஏறி, 'ஹாபி சார்' என்று சொன்னால் ஏட்டய்யா நம்புவார் என்று எதிர்பார்க்க முடியாது.

பழகுவதற்கு வழி? ஆசானிடம் மழுங்கல் வாளோடு ஆறு மாசம். கூர் போகும் திசையிலேயே கை போக வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அது வந்த பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்ல வாள் வாங்கலாம். அது வராதவன் கையில் சலாவுதீன் வாளைக் கொடுத்தாலும் தலையணையில் பஞ்சுதான் பறக்கும்.

கடைசியாக, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்சிறுவள்ளூரில் கறுப்பாக, ஓட்டுச்சில்லு மாதிரி ஏதாவது காலில் இடறினால் எட்டி உதைத்துவிட்டுப் போகாதீர்கள். எடுத்துப் பையிலும் போட்டுக்கொள்ளாதீர்கள். ஃபாரடே மண்டையைக் குடைந்துகொண்ட சமாச்சாரத்தை நம்மாட்கள் எருக்கிலை போட்டுக் காய்ச்சிய அடுப்பு அது. அங்கேயே கிடக்கட்டும்!