ஒரு மீட்டர் ஞாயிறு

சூரியக் குடும்பத்தைக் காட்டும் சுவர்ப்படங்களில் கோள்கள் எட்டும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பருமனைச் சரியாக வரைந்தால் தொலைவு பொய்யாகிறது. தொலைவைச் சரியாக வரைந்தால் கோள்கள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகின்றன. இரண்டையும் ஒரே அளவுகோலில் காட்டத் தாள் போதாது. ஓர் ஊர் வேண்டும்.

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள நெமிலிச்சேரியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர் விட்டமுடைய கதிரவனை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் சுருக்கி, தொடர்வண்டி நிலைய நடைமேடையின் முனையில் வைப்பதாகக் கொள்க. 12,742 கிலோமீட்டர் விட்டமுடைய புவி அப்போது ஒன்பது மில்லிமீட்டராக, ஒரு கொண்டைக்கடலையாகச் சுருங்கும். அதன் இடம் 107 மீட்டருக்கு அப்பால். புறநகர் மின்தொடர்வண்டி நின்றிருந்தால் ஐந்து பெட்டிகளைக் கடந்து செல்ல வேண்டும். கடுகைவிடச் சற்றுப் பெரிய நிலவு, கடலையிலிருந்து 28 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். மனிதர் இதுவரை சென்றுவந்த நெடும்பயணம் இந்த ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட தொலைவே! வியாழன் 560 மீட்டரில், நார் உரித்த தேங்காய். நெப்டியூன் எலுமிச்சம்பழமாக மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால், ஆவடி செல்லும் வழியில் கிடக்கும். அடுத்த விண்மீனைக் காணவோ 28,000 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். அது உண்மையான புவியின் சுற்றளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு.

தொலைவை மறந்து பருமனை ஒப்பிட்டால் கண்ணே நம்மை ஏமாற்றும். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் கதிரவனுக்கு முன்னே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து சென்றது. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி, இந்நிகழ்வைப் பொதுமக்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளுமாறு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். அன்று அப்புள்ளி கதிரவனின் விட்டத்தில் முப்பதில் ஒரு பங்காகத் தோன்றியது. உண்மையில் வெள்ளியின் விட்டம் கதிரவனின் விட்டத்தில் 115இல் ஒரு பங்குதான். வெள்ளி ஏறத்தாழ நான்கு கோடி கிலோமீட்டர் தொலைவிலும் கதிரவன் ஏறத்தாழ பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருந்ததே இம்மயக்கத்திற்குக் காரணம். அத்தொலைவு திருத்தமாகத் தெரியாதவரை கதிரவனின் பருமனும் தெரியாது. வெவ்வேறு நாடுகளிலிருந்து அக்கடப்பின் நேரத்தைக் குறித்து, கதிரவனின் தொலைவைக் கணக்கிடவே வானியலாளர் அன்று உலகெங்கும் காத்திருந்தனர்.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்கு இந்த மயக்கம் இல்லை. அவை மிகத் தொலைவில் இருப்பதால், கோளும் விண்மீனும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதாகக் கொள்ளலாம். கோள் குறுக்கே செல்லும்போது விண்மீனின் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதே பருமனைச் சொல்லிவிடும். இங்கே ஒப்பிடப்படுவது விட்டமன்று, பரப்பு. கதிரவனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குடைய வியாழன், அதன் ஒளியில் நூறில் ஒரு பங்கை மறைக்கும்; புவி மறைப்பதோ ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்கு. அச்சிறு மங்கலைக் கண்டறிவது அரிது. ஆதலால் சிறிய விண்மீன்களை நாடுவது தக்க வழியாயிற்று.

சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 அத்தகைய விண்மீன். புவியையொத்த பருமனுடைய ஏழு கோள்கள் அதனைச் சுற்றுவதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. நெமிலிச்சேரி அளவுகோலில் அவ்விண்மீனின் விட்டம் பன்னிரண்டு சென்டிமீட்டர். வியாழனாக நாம் வைத்த தேங்காயைவிடச் சற்றே பெரியது. அதன் ஏழாவது கோளும் ஏழு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த விண்மீனையும் கோள்கள் ஏழையும் நிலையத்தில் நிற்கும் வண்டியின் ஒரே பெட்டிக்குள் வரிசையாக வைத்துவிடலாம்.