உள்நாக்கால் ஊதும் வித்தை

மேற்கத்திய சிம்பொனிக் குழு சுருதி சேர்க்கும்போது முதலில் ஒற்றைக் குழல் ஒன்று அசையாமல் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும். வயலின் தொடங்கி டிரம்பெட் வரை எல்லாரும் அதற்குத்தான் இணங்கிப் போவார்கள். அந்தக் குழல் ஓபோ. அது தரும் ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வுகள். சில குழுக்களில் 442. ஆடாமல் நிற்கும் குரல்தான் அதன் பெருமை. அப்படிப்பட்ட கருவியிடம் போய், ‘கொஞ்சம் கரகரத்துக் காட்டு’ என்று இருபதாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர்கள் கேட்டார்கள். அதற்கான உத்திக்குப் பெயர் ஃப்ளட்டர் டங்கிங். ஊதிக்கொண்டே நாக்கை உருட்டி, ஸ்வரத்தைப் படபடக்கச் செய்வது.

ஓபோவுக்கு வருமுன்பே மற்ற ஊதுகருவிகளில் இது வந்துவிட்டது. சைக்கோவ்ஸ்கி 1892இல் ‘நட்கிராக்கர்’ பாலேயில் புல்லாங்குழலுக்கு இதை எழுதினார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1897இல் முடித்த ‘டான் கிஹோட்டே’யில் ஓர் ஆட்டு மந்தை வருகிறது. பித்தளைக் கருவிகளின் வாயில் ஒலியை அடக்கும் மியூட்டைச் செருகி, நாக்கை உருட்டி ஊதச் சொல்லி, மந்தை கத்துவதை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். ஓபோக்காரர்கள் இந்த வரிசையில் பின்தங்கியே வந்தார்கள். அது அவர்கள் சோம்பல் அல்ல. கருவியின் உடலமைப்பு அப்படி.

காரணம் புரிய, ‘ர்ர்ர்’ என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி துடிக்கிறது. ஆனால் அதைத் துடிக்க வைப்பது நாக்குத் தசை அல்ல. தசையின் வேலை, மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு அருகே நுனியைத் தளர்வாகக் கொண்டுபோய் வைப்பதோடு முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் காற்றின் வேலை. பின்னாலிருந்து தள்ளும் காற்று நுனியை விலக்கி வெளியே பாய்கிறது. பாய்ந்த கணத்தில் அழுத்தம் குறைகிறது. நுனி மறுபடி மேட்டில் ஒட்டிக்கொள்கிறது. இப்படி நொடிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 தடவை. இந்த வேகத்தில் அடிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கக் காதுக்கு இயலாது. ஒலியின் மேல் ஒரு சொரசொரப்பு படிந்ததாகத்தான் கேட்கும்.

புல்லாங்குழல்காரருக்கு இதில் சிரமமே இல்லை. அவர் வாய்க்குள் எதுவும் நுழைவதில்லை. காற்றும் தாராளமாக ஓடுகிறது. ஓபோவில் இரண்டுமே மாறிப்போகின்றன. இது இரட்டை நாணல் கருவி, நம் நாதஸ்வரத்துக்கு உறவுக்காரி. அதன் சீவாளியைப் போலவே இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று மோதியபடி அதிரும். நாணலின் முனை வாய்க்குள்ளே இருக்கும். ஊதுபவர் உதடுகளைப் பற்களின்மேல் மடித்து அதைக் கவ்வுகிறார். ஸ்வரங்களைப் பிரித்துத் தொடுக்க நாக்கு நுனி அந்த முனையைத்தான் தட்ட வேண்டும். (நாதஸ்வரத்தில் துத்துக்காரம் என்று சொல்வதும் நாக்கின் வேலைதான்.) அதே நாக்கு நுனி உருளத் தொடங்கினால் நாணலில் போய் இடிக்கும். ஒலி அடைத்துப்போகும்.

ஆனால் இடப் பற்றாக்குறையைவிடப் பெரிய சிக்கல் காற்றில் இருக்கிறது. ஓபோ நாணலின் வாய் ஒரு மெல்லிய கீறல். அதன் வழியே காற்றைச் செலுத்த அழுத்தம் நிறைய வேண்டும். போகும் காற்றோ மிகக் குறைவு. நீண்ட வரி ஒன்றை ஊதி முடித்த ஓபோக்காரர், பழைய காற்று நுரையீரலில் மிச்சமிருப்பதால், முதலில் அதை வெளியேற்றிவிட்டுத்தான் புதிதாக மூச்சை இழுப்பார். நாக்கு உருள வேண்டுமென்றால் அதன் பின்புறம் அழுத்தம் கூடுதலாகவும் முன்புறம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஓபோ ஊதும்போது முன்புறமும் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்றால் நாக்கை யார் அசைப்பது? ‘எனக்கு நாக்கு உருளவில்லை’ என்று பல மாணவர்கள் மனம் தளர்வது இந்த இடத்தில்தான். பழி நாக்கின்மேல் விழுகிறது, குற்றம் காற்றோட்டத்தில்.

ஆகவே பெரும்பாலான ஓபோக்காரர்கள் நுனியை விட்டுவிட்டு உள்நாக்கை நாடுகிறார்கள். நாக்கின் பின்பகுதியை உயர்த்தி, உள்நாக்கு அதில் படபடக்கும்படி காற்றை விடுவது. நாணலுக்கும் இதற்கும் இடைஞ்சல் இல்லை. பாரிஸ்காரரின் பேச்சில் வரும் ‘ர’ தொண்டையிலிருந்தே பிறப்பதால் அவருக்கு இது பாதி வழி. தமிழ் பேசுகிறவர்கள் நாக்கு நுனியை உருட்டுவதில் சூரர்கள்; உள்நாக்கை உருட்டிப் பேச நமக்குத் தேவை வந்ததில்லை. இருந்தாலும் தொண்டைவலிக்கு உப்புநீர் கொப்பளிக்காதவர் யார்? பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மடக்குத் தண்ணீரோடு கொப்பளித்து, எந்த இடம் துடிக்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு தண்ணீரில்லாமல், தலையை அண்ணாந்து பார்க்காமல் நேராக வைத்துக்கொண்டு அதே துடிப்பைக் கொண்டுவர வேண்டும். இது சில நிமிடங்களுக்கு மேல் போகக்கூடாது. தொண்டை எரியத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். துடிப்பு நினைத்தபோது வரத் தொடங்கியதும் நாணலை மட்டும் வாயில் வைத்து முயலலாம். கருவியில் பொருத்திய பின்பு நடு ஸ்தாயியில், பலமாக, முதலில் வெறும் ஸ்வரம். அது நிலைத்ததும் துடிப்பைச் சேர்ப்பது.

இங்கே ஓபோக்காரர் தன் பழக்கத்தோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒலி தடுமாறினால் உதட்டை இறுக்குவது அவர் கை கண்ட வழி. இறுக்கினால் கீறல் இன்னும் குறுகும், காற்று இன்னும் நிற்கும், துடிப்பு செத்துப்போகும். தளர்த்தினால் துடிப்பு வரும். கூடவே சுருதி இறங்கும். உதட்டைத் தளர்த்தி, இறங்கிய சுருதியை வயிற்றிலிருந்து வரும் மூச்சின் பலத்தால் தூக்கிப் பிடிப்பதுதான் இந்த வித்தையின் சாரம். நாக்கு சீக்கிரம் பழகிவிடும். இந்தச் சமநிலைக்குத்தான் நாளாகும். மெதுவான ஒலியிலும், மேல் கீழ் எல்லை ஸ்வரங்களிலும் அது இன்னும் கடினம். நாணலும் ஒத்துழைக்க வேண்டும். கைதேர்ந்த ஓபோக்காரர்கள் தங்கள் நாணலைத் தாங்களே சீவிக்கொள்வதால், இதற்கென்று சற்று இலகுவான ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள முடியும். முரட்டு நாணலோடு இதைக் கற்க நினைப்பது வீண் வேலை.

எவ்வளவு முயன்றும் வராதவர்கள் ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனகுவார்கள். குரலும் கருவி ஒலியும் மோதி ஓர் உறுமல் கிடைக்கும். முழுக் குழுவும் முழங்கும் இடத்தில் உறுமலையும் உருட்டலையும் வேறுபடுத்திச் சொல்வது கடினம். எனவே அங்கே அதைக் குறை சொல்ல மாட்டேன். தனி ஓபோ வாசிப்பில் அது செல்லாது. உருட்டலில் இருக்கும் உலர்ந்த படபடப்பு உறுமலில் கிடையாது.

தனி ஓபோ என்றதும் 1969ஐச் சொல்லியாக வேண்டும். இத்தாலியரான லூச்சியானோ பெரியோ ‘செக்வென்சா 7’ என்ற படைப்பை ஸ்விஸ் ஓபோக் கலைஞர் ஹைன்ஸ் ஹோலிகருக்காக எழுதினார். மேடையில் ஒரே ஒரு ஓபோ. மறைவில் எங்கிருந்தோ ஒரே ஸ்வரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்வரத்தையே ஓபோ விரலமைப்பை மாற்றி மாற்றிப் பல நிறங்களில் வாசிக்கிறது, ஒரே சமயத்தில் பல ஸ்வரங்களை எழுப்புகிறது, நாக்கை உருட்டுகிறது. ஆடாத சுருதி பக்கத்திலேயே நிற்பதால் ஓபோவின் ஒவ்வொரு கரகரப்பும் துல்லியமாகக் காதில் விழும். ஹோலிகர் 1970களின் தொடக்கத்தில் ‘ப்ரோ மூசிகா நோவா’ என்று புதிய உத்திகளுக்கான பயிற்சிப் பாடங்களையும் தொகுத்து வெளியிட்டார். அதுவரை சர்க்கஸ் வேலையாகக் கருதப்பட்ட பலவும் மாணவர்களின் பாடமாயின.

ஓபோவுக்கு எழுத நினைக்கும் இளம் இசையமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புல்லாங்குழலுக்கு எழுதிய உருட்டலை அப்படியே பெயர்த்து ஓபோ வரியில் ஒட்டாதீர்கள். நடு ஸ்தாயியில், பலமான இடத்தில், சுருக்கமாக எழுதுங்கள். துடிப்பு தொடங்குமுன் ஊதுபவர் நிலைகொள்ள ஒரு வெறும் ஸ்வரம் கொடுங்கள். எழுதியதும் அச்சுக்கு அனுப்புமுன் ஓர் ஓபோக்காரரை அழைத்து ஊதிக் காட்டச் சொல்லுங்கள்.