கடல் நீர்த் தொட்டி: நன்னீர் மீன் வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

சிமெண்டுத் தொட்டியிலும் கண்ணாடித் தொட்டியிலும் கப்பி, மோலி, தங்கமீன், சண்டை மீன் ஆகியவற்றை வளர்த்து விற்பது தமிழ்நாட்டில் பல சிறு விவசாயக் குடும்பங்களுக்குத் துணைத் தொழிலாக அமைந்துள்ளது. சென்னை கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். இதில் சில ஆண்டுகள் தேர்ச்சி பெற்றவர்களின் நாட்டம் அடுத்தபடியாகக் கடல் மீனின் பக்கம் செல்வது இயல்பு. கப்பியைவிடக் கோமாளி மீன் பல மடங்கு விலைக்குப் போவதே இதற்குக் காரணம்.

நன்னீரில் கைதேர்ந்தவர்களும் கடல் நீர்த் தொட்டியில் கைமுதலை இழப்பதுண்டு. புது மீனை வாங்குகிறோம் என்று எண்ணுகிறார்கள். புது நீரில் இறங்குகிறோம் என்று எண்ணுவதில்லை. நன்செய்யில் பழகியவர் கரிசல் காட்டில் முதல் போகம் வைப்பது போன்றது இது. உழைப்பும் கண்ணும் உதவும். பழைய பழக்கங்கள் சிலவற்றை விட்டுவிட வேண்டும்.

உப்பின் கணக்கு

கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இதில் சுமார் 78 சதவிகிதம் நாம் உண்ணும் சோற்றுப்பு. மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் ஆகியவை அடங்கும். கல்லுப்பை நீரில் கரைத்துக் கடல் நீர் தயாரிக்கலாம் என்று சிலர் முயல்கின்றனர். இது தவறு. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் கடல் நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. இடையில் விளைவதே கல்லுப்பு. ஆகவே கல்லுப்பு கரைத்த நீர் உப்பு நீராகுமே தவிர, கடல் நீராகாது.

கடற்கரைக்கு அருகில் உள்ளவர்கள் கடல் நீரையே கொண்டுவரலாம். ஆற்று முகத்துவாரத்திலும் படகுத் துறையிலும் எடுக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி ஓடும் நாட்களில் கரையோரக் கடலில் உப்பு குறைந்திருக்கும், அப்போதும் எடுக்கக்கூடாது. கொண்டுவந்த நீரை மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில் இருட்டில் பல நாட்கள் தெளியவைத்து, வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். உள்நாட்டில் உள்ளவர்கள் மீன் தொட்டிக்கென விற்கப்படும் கடல் உப்புக் கலவையை வாங்குவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உரத்தின் நைட்ரேட்டும் பிற உப்புகளும் இருக்கக்கூடும் என்பதால், ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் கலவையைக் கரைக்க வேண்டும். தனிப் பீப்பாயில் கரைத்து ஒரு நாள் காற்றுச் செலுத்திய பின்பே தொட்டியில் ஊற்றலாம். மீன் உள்ள தொட்டியில் உப்பை நேராகக் கொட்டவே கூடாது.

ஹைட்ராமீட்டர் வாங்குவது முதற்செலவாக இருக்கட்டும். ஒப்படர்த்தி 1.022 முதல் 1.025 வரை இருப்பது ஏற்றது.

ஆவியாதலைக் கவனித்தல்

நன்னீர்த் தொட்டியில் நீர் குறைந்தால் அதே நீரை ஊற்றுவது வழக்கம். இங்கே அப்படிச் செய்யக்கூடாது. நீர்தான் ஆவியாகும்; உப்பு தொட்டியிலேயே நிற்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை சுமார் 190 லிட்டர் கொள்ளும். மேலே இடம் விட்டு, மணலும் இட்டால் 170 லிட்டர் நிற்கும். அதில் உள்ள உப்பு சுமார் 6 கிலோ. கோடையில் 17 லிட்டர் வற்றினால், அந்த 6 கிலோ உப்பு 153 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 39 கிராமாகிவிடும். அந்நிலையில் மேலும் கடல் நீரை ஊற்றுவது, கரிக்கும் குழம்பில் உப்பு போடுவதற்கு ஒப்பாகும். தொட்டியின் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து, நாள்தோறும் சுத்தமான நன்னீரால் அக்கோடு வரை நிரப்ப வேண்டும். கடல் நீரைப் பழைய நீரை அகற்றி மாற்றும்போது மட்டுமே ஊற்ற வேண்டும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

தொட்டியும் கருவிகளும்

செலவு குறையும் என்று முதலில் சிறு தொட்டி வைப்பதில் பயனில்லை. குட்டை நீர் கோடையில் விரைவில் சூடாவதுபோல, சிறு தொட்டியில் உப்பும் வெப்பமும் விரைவில் ஏறி இறங்கும். மேற்கூறிய 3 அடித் தொட்டிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வெயில் நேராக விழாத, வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸில் நிற்கும் இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல் நீரில் கரையும் பிராணவாயு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே காற்றுக் குழாயுடன், நீரைச் சுழலவைக்கும் சிறு பம்பும் தேவை. கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்னும் கருவி நன்னீரில் சரிவர வேலை செய்யாது. கடல் நீரில் மிகவும் உதவும். மின்வெட்டு நேரத்துக்கு பாட்டரியில் இயங்கும் காற்றுக் கருவி ஒன்று கைவசம் இருக்கட்டும். உப்பு நீரில் மின்சாரம் எளிதில் பாயும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் இன்றித் தொட்டியில் கைவைக்கக்கூடாது. பித்தளை, செம்பு, இரும்புப் பொருள் எதுவும் நீரில் படக்கூடாது.

அடியில் இடுவதற்கு நன்கு கழுவிய சிப்பி ஓட்டுத் தூள் ஏற்றது. மீன் ஒதுங்குவதற்குச் சுட்ட மண் சட்டியும் ஓடும் போதும்.

தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

மக்காத எருவை இட்டால் பயிர் கருகும். பக்குவப்படாத தொட்டியில் மீன் விடுவதும் அத்தகையதே. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறுவகை பாக்டீரியாக்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

நன்னீரிலும் இது நடப்பதுதான். ஆனால் கடல் நீரின் பி.எச். 8 முதல் 8.3 வரை இருப்பதால், அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு, பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. கப்பி தாங்கிக்கொண்ட கழிவைக் கடல் மீன் தாங்காது. நன்னீர்த் தொட்டியில் ஓடிய பழைய பஞ்சைக் கொண்டுவந்து போட்டால் நாள் மிச்சமாகும் என்று நம்பவேண்டாம். திடீரென உப்பு ஏறினால் அப்பாக்டீரியாக்களின் வேலை தடைப்படும்.

கடல் நீர் நிரப்பிப் பம்புகளை ஓடவிட்டு, ஒரு சிறு இறால் துண்டைப் போட்டுவைத்தால் பாக்டீரியாக்களுக்கு இரை கிடைக்கும். பரிசோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை சோதித்து, அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பின் இரண்டுமே இல்லை என்று காட்டும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

பவளம் வேண்டாம்

வெளிநாட்டுப் படங்களில் காணும் பவளத் தொட்டியைப் போலவே அமைக்க ஆசைப்பட்டு, தரகரிடம் பவளம் கேட்பவர்கள் உண்டு. இதில் இறங்கவே கூடாது. கடினப் பவளங்கள், கடல் விசிறி ஆகியவை 2001ஆம் ஆண்டில், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில் கடல் குதிரையும் கடல் அட்டையும் அதில் சேர்ந்தன. கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த பவளக் கல்லையும் எடுத்துவரக்கூடாது.

இச்சட்டத்துக்குத் தக்க காரணம் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் இருந்தன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் அரண் இழந்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. எஞ்சிய பவளங்களும் கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளுத்துப் பெருஞ்சேதம் அடைந்தன. மீன்களுக்கு உறைவிடமும் மீனவர்களுக்குப் பிழைப்பும் அந்தப் பாறைகளே.

பவளம் இல்லாவிட்டால் தொட்டிக்காரருக்கும் செலவு மிச்சம். பவளத்தினுள் வாழும் நுண்பாசிகளுக்காக விலையுயர்ந்த விளக்குகளும், பவளத்துக்காகக் கால்சியம் சேர்க்கும் ஏற்பாடும் தேவைப்படுகின்றன. மீனுக்குச் சாதாரண விளக்கு போதும்.

எந்த மீனை விடுவது?

முதலில் விடுவதற்கு நன்னீர்ப் பண்ணையிலேயே ஒரு மீன் இருக்கிறது. மோலி மீனைச் சிறு தொட்டியில் வைத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக உப்பை உயர்த்தினால் அது முழுக் கடல் நீரிலும் வாழும். இப்படிப் பழக்கிய மோலிகள் நான்கைந்தை விட்டு, ஒன்றிரண்டு மாதம் தொட்டியை நடத்திப் பார்க்க வேண்டும். தவறு நேர்ந்தாலும் இழப்பு சிறிது.

அதன்பின் கோமாளி மீன் ஒரு ஜோடியை விடலாம். கடலில் பிடித்த மீனைவிட, பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகியது, நோயும் குறைவு. நம் கடலில் உள்ள செபே வகைக் கோமாளி மீன் உட்படப் பல வகைகளைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியுள்ளனர். கடலில் இம்மீன் கடல் சாமந்தியோடு வாழ்ந்தாலும், தொட்டியில் அது இன்றியே வாழும்; முட்டையும் இடும்.

கோமாளி மீன் எல்லாம் முதலில் ஆணாகவே முதிரும். பின்னர் பெரிய மீன் பெண்ணாக மாறும். ஆகவே பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரு இளம் மீன்களை விட்டால் ஜோடி சேரும். 170 லிட்டர் தொட்டிக்கு ஒரு ஜோடியும் சில மோலிகளுமே போதும். கப்பியைப்போல் ஐம்பது, நூறு என்று விடுவது மீன்களுக்கு எமனாகும்.

நோயும் நஞ்சும்

நன்னீர் மீனுக்கு வெண்புள்ளி கண்டால் கல்லுப்பு இடுவது பண்ணையாளர் கைமருந்து. கடல் மீனுக்கு அது பயன்படாது. செவுளில் ஒட்டும் சில ஒட்டுண்ணிகளை நீக்கக் கடல் மீனைச் சில நிமிடம் நன்னீரில் வைத்தெடுப்பதே இங்குள்ள முறை. அந்நீரின் வெப்பமும் பி.எச். அளவும் தொட்டி நீருக்குச் சமமாக இருக்க வேண்டும். கடல் மீன் ஓயாமல் நீரைக் குடித்து வாழ்வது. நன்னீர் மீன் அவ்வாறு குடிப்பதில்லை. நீரில் இட்ட மருந்து கடல் மீனின் வயிற்றுக்குள்ளும் போகும் என்பதால், பழைய அளவில் மருந்து கொடுக்கக்கூடாது. புது மீனை 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும்.

விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பூச்சிமருந்து. பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். பக்கத்து வயலில் மருந்து தெளிக்கும்போது, காற்றுப் பம்பு அந்தக் காற்றையே இழுத்து நீருக்குள் செலுத்தும். அந்நேரம் சன்னலை அடைத்து, நீரைச் சுழற்றும் பம்பை மட்டும் ஓடவிட வேண்டும். மருந்து கலக்கிய வாளியும், மருந்து தொட்ட கையும் தொட்டியருகே வரக்கூடாது.

வரவைப் பற்றி

முதல் ஆண்டில் வருமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். நன்கு பேணிய ஜோடி பருவமடைந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சட்டியிலோ ஓட்டிலோ சில நூறு முட்டைகள் இடும். 28 டிகிரி வெப்பத்தில் ஏழெட்டு நாளில், இருட்டிய பிறகு அவை பொரியும். கப்பிக் குஞ்சைப்போல் இக்குஞ்சுகள் தூள் தீவனம் உண்ணா. ரோட்டிஃபர் என்னும் உயிருள்ள நுண்ணுயிரி முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். பிறகு பொரித்த ஆர்ட்டீமியா கொடுக்கலாம். ரோட்டிஃபருக்கு இரையாகும் பச்சை நுண்பாசியையும் பண்ணையிலேயே வளர்க்க வேண்டும். விதைப்பதற்கு முன் எருவைத் தேடிவைப்பது போல, முட்டைக்கு முன்பே தீவனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இது கைவராதவரை இரண்டாவது தொட்டிக்குப் பணம் போடுவதோ, அதற்காகக் கடன் வாங்குவதோ கூடாது. அதுவரை குடும்பச் செலவுக்கு நன்னீர் மீனே கைகொடுக்கும்; அந்தத் தொட்டிகளைக் காலி செய்துவிடக்கூடாது.

தொட்டி வாங்குமுன் இத்தொழிலை நேரில் கண்டறிய விரும்புவோர், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தையோ, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகிப் பயிற்சி பற்றி விசாரித்துக்கொள்ளலாம்.