கொடிக்கு ஒரு விலை, மண்ணுக்கு ஒரு விலை
நந்தி மலைச் சாரலில் திராட்சைத் தோட்டம் வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

கிழக்குப் பெங்களூரின் ஜீவனஹள்ளியில், திராட்சைப் பருவம் வந்துவிட்டால் தள்ளுவண்டிகள் எல்லாம் கருநீல நிறம் கொண்டுவிடும். தடித்த தோலும், விதையும், தொலைவிலிருந்தே அறியக்கூடிய மணமும் கொண்ட 'பெங்களூர் புளூ' திராட்சை அது. பெங்களூர் ஊரகம், சிக்கபள்ளாப்பூர், கோலார் மாவட்டங்களில் விளைவது. புவிசார் குறியீடும் பெற்றது. பழச்சாற்றுக்கும் ஒயினுக்கும் பயன்படுவது.

அந்தத் தள்ளுவண்டியருகே நின்றிருந்தபோதுதான், நமது வாடிக்கையாளர்களாகிய முதிய தமிழ்த் தம்பதியர் ஒருவர் தங்கள் எண்ணத்தை நம்மிடம் தெரிவித்தனர். ஓய்வூதியப் பலன்களைக் கொண்டு, தொட்டபள்ளாப்பூர் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் வாங்க வேண்டும். வெளிநாட்டில் பணிபுரியும் மகனுக்கு அதை விட்டுச் செல்ல வேண்டும். வாழ்நாள் சேமிப்பில் பெரும்பங்கு இதற்குப் போகும் என்பதால், அவர்களுடன் ஒரு நாள் நாமும் புறப்பட்டோம்.

நந்தி மலையின் அடிவாரம் இந்திய ஒயின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. 1988-இல் கன்வல் குரோவர் இப்பகுதியில் தொடங்கிய தோட்டம், கேபர்னே சோவின்யோன், ஷிராஸ் முதலிய பிரெஞ்சு வகைகள் தக்காணத்து மேட்டு நிலத்திலும் சிறக்கும் என்பதை மெய்ப்பித்தது. 2007-இல் கர்நாடக அரசு திராட்சை பதப்படுத்துதலுக்கும் ஒயினுக்கும் எனத் தனிக் கொள்கை வகுத்து, ஒரு வாரியத்தையும் நிறுவியது. நந்திப் பள்ளத்தாக்கு என்னும் பெயர் அதன்பின் விற்பனைப் பெயராகவே ஆகிவிட்டது.

தோட்டத்து உரிமையாளர் எழுபதைக் கடந்த விவசாயி. கருங்கல் தூண்களில் கம்பி இழுத்துப் படரவிட்ட பந்தலின் கீழ் நம்மை அமர வைத்தார். விலையைக் கேட்டதும் அவர் கேட்ட மறுகேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது: "ஐயா, கொடிக்கு ஒரு விலை, மண்ணுக்கு ஒரு விலை. நீங்கள் எதை வாங்க வந்திருக்கிறீர்கள்?"

இரு விலைகள்

புகழ்பெற்ற ஒயின் நாடுகளில் இக்கேள்விக்கு இடமில்லை. பிரான்சின் பர்கண்டியில் 'குளோ த தார்' என்னும் தோட்டம் ஏறத்தாழ ஏழரை ஹெக்டேர் பரப்புடையது. 1141 முதல் கன்னியர் மடத்தின் உடைமையாயிருந்த அது, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கும், 1932-இல் மற்றொரு குடும்பத்துக்கும், 2017-இல் பிரான்சுவா பினோவின் குழுமத்துக்கும் கைமாறியது. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளில் உரிமையாளர்கள் நால்வரே. அங்கே நிலத்தின் விலையை நிர்ணயிப்பது அந்த மண்ணில் விளையும் ஒயின். நிலம் விற்பனைக்கு வரும்போது, விவசாயிகளின் நலன் கருதித் தலையிட்டு, தானே வாங்கும் முன்னுரிமை பெற்ற 'சாஃபேர்' என்னும் அமைப்பும் அந்நாட்டில் உண்டு.

நந்திச் சாரலில் நிலைமை வேறு. 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டபின், சுற்றுவட்டார நிலங்களின் விலையைத் தீர்மானிப்பவை சாலையும் தொழிற்பேட்டையும் மனைப்பிரிவுகளுமே. கொடி எவ்வளவு காய்த்தாலும் அந்த விலையை எட்ட இயலாது.

ஒரு பேச்சுக்குக் கணக்கிடுவோம். ஏக்கர் ஒன்று இரண்டு கோடி ரூபாய். செலவு போக ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் என்று கொள்வோம். முதலீட்டுக்கு அது ஒரு சதவீதம் மட்டுமே. எஞ்சிய எதிர்பார்ப்பு முழுவதும் நிலத்தின் விலை மேலும் உயரும் என்பதையே சார்ந்துள்ளது. அத்தகைய நிலத்தை வாங்குபவர், விவசாயி என்னும் பெயரில் மனை முதலீட்டாளராகவே நிற்கிறார். அது தவறன்று, ஆனால் அறிந்து செய்ய வேண்டும்.

கொடிக்காகவே வாங்குவோர் வேறு சில வினாக்களை எழுப்ப வேண்டும். மூன்று ஆண்டுகளின் விற்பனைச் சீட்டுகள் உள்ளனவா? ஒயின் வகைத் திராட்சையானால், கொள்முதல் செய்யும் ஆலையுடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா? ஒயின் வகைகள் சந்தையில் உண்ணும் பழமாக விலைபோகா. ஆலை மறுத்தால் அறுவடை வீண். பெங்களூர் புளூ ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். அதற்குச் சந்தையும் உண்டு. எதற்கும் மேலாக, நீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இம்மாவட்டங்களில் இல்லை. ஆயிரம் அடிக்கும் கீழே செல்லும் ஆழ்துளைக் கிணறுகள் இங்கு வியப்புக்குரியவை அல்ல. கோடையின் உச்சத்தில் மோட்டாரை இயக்கச் சொல்லிப் பார்த்தபின்னரே விலை பேசுதல் நன்று.

யார் வாங்கலாம்?

கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம், 1961, விவசாயி அல்லாதோர் விவசாய நிலம் வாங்குவதை நீண்ட காலம் தடுத்து வந்தது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அந்தத் தடைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. நகரத்தில் வசிப்போரும் இன்று வாங்கலாம். உச்சவரம்பு மட்டும் தொடர்கிறது.

எனினும், நமது தம்பதியர் எண்ணியபடி வெளிநாட்டில் வசிக்கும் மகனின் பெயரில் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்கக் கூடாது, மரபுரிமையாகப் பெறலாம். ஆகவே நிலம் பெற்றோர் பெயரில் அமைந்து, உயிலின் வழியே மகனை அடைவதே முறையான வழி.

வீட்டுக் கடனைக் கொண்டு விவசாய நிலம் வாங்க இயலாது என்பதையும் நினைவிற்கொள்க. பண்ணையில் வீடு கட்ட விரும்புவோர், கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின்படி நிலப் பயன்பாட்டை மாற்றுவது குறித்து முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

காகிதங்கள் பேசட்டும்

முதல் ஆவணம் பஹணி. உரிமையாளர், பரப்பு, பயிர் ஆகிய மூன்றையும் காட்டும் இப்பதிவேடு, 'பூமி' திட்டத்தின் வாயிலாகக் கணினியில் கிடைக்கிறது. பரப்பு ஏக்கரிலும் குண்டேயிலும் இருக்கும். நாற்பது குண்டே ஓர் ஏக்கர். பஹணி மட்டும் உரிமைக்குச் சான்றாகிவிடாது. மூலப் பத்திரம், பட்டா மாற்றப் பதிவுகள், வில்லங்கச் சான்று ஆகியன ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு சர்வே எண்ணின் ஒரு பகுதியை மட்டும் வாங்கும்போது, '11இ' எனப்படும் அளவை வரைபடம் கட்டாயம். 'பராமரிக்கப்படும் பண்ணை' என்று சில குண்டேக்களாகக் கூறுபோட்டு விற்கப்படும் நிலங்களில் இதை முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, நிலம் அரசால் வழங்கப்பட்டதா என்பது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலத்தை, அரசின் முன் அனுமதியின்றி விற்பதை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்குகிறது. நிலத்தை மீட்கக் கோரும் விண்ணப்பத்துக்குக் கால வரம்பில்லை என்று 2023-இல் திருத்தமும் வந்துவிட்டது. எத்தனை கைகள் மாறியிருந்தாலும் முதல் வழங்கல் ஆணை வரை பின்னோக்கிச் செல்வதே பாதுகாப்பு.

மூன்றாவது, கையகப்படுத்தல். தேவனஹள்ளி வட்டத்தின் சன்னராயபட்டணப் பகுதியில் 1,777 ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்கு எடுக்கும் முயற்சியை, விவசாயிகளின் நெடுநாள் போராட்டத்துக்குப்பின் 2025 ஜூலையில் மாநில அரசு கைவிட்டது. அந்த ஆண்டுகளில் அங்கே நிலம் வைத்திருந்தோர் பட்ட நிச்சயமின்மையை எண்ணிப் பார்த்தால், தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்தின் அறிவிக்கைகளில் சர்வே எண்ணைத் தேடிப் பார்க்கும் அரைநாள் உழைப்பு பெரிதாகத் தோன்றாது.

மகளின் கையொப்பம்

நாம் சென்ற தோட்டத்தில் இவையனைத்தும் சரியாகவே இருந்தன. தடை வேறோர் இடத்தில் எழுந்தது. விவசாயி கொணர்ந்த வம்சவிருட்சச் சான்றில் இரு மகன்களின் பெயர்களுக்குக் கீழே ஒரு மகளின் பெயரும் இருந்தது. ஹொசகோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவரிடம் எவரும் சொல்லவில்லை. "அவளுக்குக் கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்றார் மூத்த மகன்.

மூதாதையர் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் என்பது 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம். அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சீர்வரிசை அப்பங்குக்கு ஈடாகாது. மகளின் கையொப்பமின்றி எழுதப்படும் பத்திரம், வாங்குபவருக்கு ஒரு வழக்கையும் சேர்த்தே விற்பதாகும்.

தம்பதியர் முன்பணம் தராமல் திரும்பினர். "அந்தப் பெண்ணைக் கேட்காமல் அந்தப் பந்தலின் கீழ் நாம் எப்படி உட்காருவது?" என்று அம்மையார் வழியில் கேட்டார். நான்கு மாதங்கள் கழிந்தன. மகள் வந்தார், தம் பங்குத் தொகை தம் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கையொப்பமிட்டார். இரண்டு ஏக்கருக்கு மாறாக ஒன்றே கால் ஏக்கர் மட்டும் கைமாறியது. எஞ்சியது முதியவரிடமே இருக்கிறது. சேமிப்பில் ஒரு பங்கு தம்பதியரிடமும் எஞ்சியது.

விற்பவருக்கு

நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பாலுள்ள விவசாய நிலம், வருமான வரிச் சட்டத்தின்படி மூலதனச் சொத்தன்று; அதை விற்கும் ஆதாயத்துக்கு வரியில்லை. மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரையுள்ள நகராட்சியானால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8 கிலோமீட்டர். இத்தொலைவு நேர்கோட்டில் அளக்கப்படும். எல்லைக்குள் இருப்பின் வரி உண்டு; ஆயினும் விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் விவசாயம் செய்யப்பட்ட நிலமாயின், இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி விலக்குப் பெற வழியுள்ளது.

தொகை முழுவதையும் வங்கி வழியே பெறுங்கள். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பது விற்பவரையும் வாங்குபவரையும் ஒருங்கே பிணைக்கும் கயிறு. ஒரே நாளில் கைக்கு வரும் பெருந்தொகையைக் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, பங்குகளைப் பிரித்து, வைப்புத் திட்டங்களை முடிவு செய்தபின் பதிவுக்குச் செல்வது உசிதம். தலைமுறைகள் காத்த மண், அதன் விலை மூன்று ஆண்டுகளாவது நிற்க வேண்டாமா?

கடந்த பருவத்தில், அந்த ஒன்றே கால் ஏக்கரின் முதல் அறுவடையிலிருந்து ஒரு கூடை ஜீவனஹள்ளிக்கு வந்தது. தம்பதியர் நமக்கும் சில கொத்துகள் தந்தனர். மற்றொரு கூடை ஹொசகோட்டைக்குச் சென்றதாகவும் கூறினர்.