பேன் ஓரிடம், ஈர் ஓரிடம்

ரோகு மீனின் செதில் மேல் ஒட்டிக்கொண்டு நகரும் கண்ணாடிப் பொட்டு என்ன என்று மீன் குளம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது மீன் பேன். அறிவியல் பெயர் ஆர்குலஸ்.

பேன் என்றாலும் பூச்சி இல்லை. இறால், நண்டு வகையறா. அரை சென்டிமீட்டர் தட்டை உடம்பு, இரண்டு கருங்கண்கள். அடிப்பக்கம்தான் விசேஷம். வாயருகே உள்ள ஒரு ஜோடி உறுப்புகள் இரண்டு வட்டக் கிண்ணங்களாக உருமாறியிருக்கின்றன. குளியலறைச் சுவரில் சோப்புப் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் கிண்ணம் மாதிரியே அவை மீனைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஊசி முள்ளால் தோலைக் குத்தி இரத்தம் குடிக்கும். அந்தப் புண் வழியே பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்துவிடும். பேனைவிட அவற்றால் சாகும் மீன்கள் ஏராளம்.

தலைப்பேன் முடியிலேயே ஈர் வைக்கும். மீன் பேன் அப்படியல்ல. முட்டையிடும் நேரம் வந்ததும் பெண் பேன் மீனை விட்டிறங்கி நீந்திப்போய், கல்லோ கட்டையோ தேடி, அதில் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிவைக்கும். வெதுவெதுப்பான குளத்தில் இரண்டு வாரத்தையொட்டி அவை பொரிந்துவிடும்.

ஆந்திராவின் கொல்லேறு ஏரியைச் சுற்றி 1980களில் வயல்கள் மீன் குளங்களாயின. ஏரிக்குள்ளேயே எழுப்பிய கரைகளை 2006இல் அரசு உடைத்தது. சுற்றுவட்டாரத்தில் இன்றும் குளங்கள்தான். அங்கே தவிட்டையும் புண்ணாக்கையும் ஓட்டை போட்ட சாக்கில் நிரப்பி, நீரில் நட்ட மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிடுவார்கள். ரோகு கூட்டமாக வந்து முட்டி முட்டித் தின்னும். பேன் முட்டை ஒட்டுவதற்கும் அதே கழி வாகானது. பொரிந்த குஞ்சு மீனைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. குளத்தில் மீனை நெருக்கி விட்டால் அதற்குக் கொண்டாட்டம்.

பேனைக் கண்டதும் பலர் பருத்திக்கு அடிக்கும் சைபர்மெத்ரினை வாங்கி வந்து குளத்தில் ஊற்றுகிறார்கள். இது பெரிய தவறு. பேனும் தண்ணீர்ப் பூச்சி என்று சொல்லப்படும் டாப்னியாவும் ஒரே இறால், நண்டு வகையறா. ஒன்றைக் கொல்லும் விஷம் மற்றதை விடாது. மேல்மட்டத்தில் மேயும் கட்லா மீனுக்கு அந்த டாப்னியாதான் இரை. அளவு கொஞ்சம் கூடினால் மீனே மிதக்கும். ஈர் எதுவும் ஆகாமல் கழியில் பத்திரமாக இருக்க, பதினைந்து நாளில் மறுபடி பேன், மறுபடி விஷம். உழைத்த காசு மருந்துக் கடைக்குப் போகிறது, விஷம் கலந்த நீர் வாய்க்காலுக்குப் போகிறது.

கழிகளை வாரம் ஒரு முறை பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்து நடுவதற்குச் செலவே இல்லை. உலர்ந்தால் முட்டை செத்துவிடும். நீருக்குள் இருந்த பகுதியைச் சற்று உற்றுப் பார்த்தால், பாசிக்கு நடுவே மஞ்சள் வெளுப்பாக, கோடு இழுத்ததுபோல் அந்த ஈர் வரிசை தெரியும்.